அழகு கூடிப்போன ரோஜா

எங்கள் வீட்டில் அகராதியைத் திறந்தால் பூதான் விழும். கனமான புத்தகம் எது கண்ணில் பட்டாலும் அக்கா அதற்குள் இதழ்களை வைத்து அழுத்திவிடுவாள். தட்டையாக்கக் கூடாத பூவென்றால் டப்பாவில் வைத்து, ஈரம் உறிஞ்சும் வெள்ளை மணலால் மூடி, அலமாரி மேல் ஏற்றிவிடுவாள். நடுவில் திறந்து பார்த்தால் தொலைந்தோம். கூடப் பிறந்தவள் என்ற சலுகையெல்லாம் அங்கே செல்லாது.

உலர்ந்த பூவை அப்படியே கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கவும் அவளுக்கு மனசு வராது. ஓட்டை விழுந்த இலையைக் கத்தரிப்பாள். வெளிறிய இதழுக்குத் தூரிகையால் சாயம் தொட்டுவைப்பாள். பூவுக்கே ஒப்பனையா என்று நான் கேலி செய்வேன். வாங்குகிறவர்கள் என்னவோ வாயைப் பிளப்பார்கள்.

அவளுக்குச் சட்டம் செய்து தரும் தச்சர் ஒரு நாள் இலையும் காம்புமாக இரண்டு ஆரஞ்சு ரோஜாக்களோடு வந்தார். வீட்டில் தொட்டி தொட்டியாக ரோஜா வளர்த்த அவர் மனைவி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்த வார்டுக்குள் புதுப் பூ கொண்டுபோக விடமாட்டார்கள்.

"செடி செத்துப் போச்சுன்னே முடிவு பண்ணிட்டா, தங்கச்சி. நான் தண்ணி ஊத்துறேன்னா நம்ப மாட்டேங்கிறா. போன்ல காட்டினா, பழைய படம்ங்கிறா. இனி வீட்டுக்கு வந்து என்ன பண்ணப்போறேன்னு மாத்திரையைக்கூடத் தள்ளிவிடுறா."

நம்பாததில் தப்பே இல்லை. அந்தத் தொட்டிகளை இடைஞ்சல் என்று காலமெல்லாம் கரித்துக்கொட்டியவர்தானே இவர்.

முதல் ரோஜாவுக்கு அக்கா தன் வித்தை முழுவதையும் காட்டினாள். தச்சர் ஆசையாக எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

"எந்தக் கடையில வாங்கினீங்கன்னு கேட்டுட்டு, திரும்பிப் படுத்துக்கிட்டா."

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. அக்காவுக்குத் தன் மேலேயே வந்தது.

"நான்தான் கெடுத்துட்டேண்ணே" என்றாள்.

மிச்சமிருந்த ரோஜாவை மணலிலிருந்து எடுத்தாள். ஓர இதழ் பழுப்பேறியிருந்தது. இலையெல்லாம் பூச்சி அரித்த சல்லடை. பழக்க தோஷத்தில் கை கத்தரிக்கோலைத் தேடியது. எடுத்தவள், அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். தூரிகையைத் தொடவே இல்லை.

"இதைப் போயா வெளியில குடுக்கிறது?" என்று முனகிக்கொண்டே சட்டத்துக்குள் வைத்தாள். எனக்கும் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் தச்சர் ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது.

அக்கா பயந்துபோனாள். "என்னாச்சுண்ணே?"

"திட்டிட்டா, தங்கச்சி! பூச்சி அரிக்கிற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு எழுந்து உட்கார்ந்து திட்டினா. வேர்ல ஊத்துங்கன்னா இலை மேல ஊத்தி வச்சிருக்கீங்களேன்னு கத்தினா. நர்ஸு ஓடி வந்துட்டாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்து வச்சுக்கிறேன் உங்களைன்னு சொல்லிட்டா."