கீறிய தட்டும் அப்பாவின் காலும்

என் வேலையைப் பற்றி அப்பாவுக்கு முதலில் இருந்தே ஒரு இளக்காரம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நான் தோல் செல்களை வளர்க்கிறேன். உள்ளங்கை அகலத் தட்டில், இளஞ்சிவப்புச் சத்துநீருக்கு அடியில், அவை ஒன்றோடொன்று ஒட்டி இடைவெளியே இல்லாமல் படர்ந்து நிற்கும். அப்போது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் முனையால் நடுவில் நேராக ஒரு கோடு கிழிப்பேன். கோடு போன இடத்தில் செல்கள் உரிந்து வந்து வெறும் தட்டு தெரியும். அதுதான் காயம். மிச்சமிருக்கும் செல்கள் அதை எப்படி மூடுகின்றன, எதைக் கலந்தால் சீக்கிரம் மூடுகின்றன என்று படம் எடுத்துப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம்.

"நாமெல்லாம் நெய்யறதுக்குக் கூலி வாங்கறோம். இவளுக்குக் கிழிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க பாரு" என்று நூல் கொண்டுவரும் வண்டிக்காரரிடம்கூட அப்பா சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தால் என்ன, அவரிடமிருந்து வந்த கோபம்தானே. நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொள்ளும்போது அம்மா, "புலிக்குப் பொறந்தது பூனையாகுமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எடப்பாடியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எட்டு விசைத்தறிகள். அப்பாவும் அம்மாவும்தான் முதலாளி, அவர்களேதான் ஆளும். அங்கேதான் ஒரு மத்தியானம் நாடா பறந்தது. நாடா என்றால் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். எப்போதாவது அது பாதை தவறி வெளியே தெறிக்கும். அன்று அப்பாவின் வலது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே குத்திவிட்டு விழுந்தது.

தறிக்கடியில் சேர்ந்திருந்த பஞ்சை ஒரு கை அள்ளிக் காயத்தில் வைத்து அமுக்கிவிட்டு அவர் அடுத்த தறிக்குப் போய்விட்டார். எங்கள் தெருவில் யாருக்கு அடிபட்டாலும் இதுதான் முதல் வைத்தியம். ரத்தம் உடனே நிற்கும் என்பது உண்மை. அந்தப் பஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கும் நூலுக்குப் போட்ட கஞ்சியின் துகளும் ஊர்த் தூசியும் இருக்கும் என்பதும் உண்மை. அப்பாவுக்கு வருஷக்கணக்காகச் சர்க்கரை வேறு. காலில் உணர்ச்சி குறைவு, வலி அவ்வளவாகத் தெரியவில்லை. பஞ்சும் ரத்தமும் சேர்ந்து காய்ந்து கெட்டியான பொருக்காகிவிட்டது. அதைப் பார்த்து அவருக்கு ஒரே திருப்தி. தினமும் சாப்பிட்டபின் காலை நீட்டி, டேபிள் ஃபேனைக் காயத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்வாராம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் விடுதியில் இருந்தேன். அம்மா போன் செய்தாள்.

"சாமி, உங்கப்பா காலு வாடையடிக்குது. எங்கிட்டக் காட்டாம வேட்டியத் தாழக் கட்டிக்கிட்டுத் திரியறாரு. நீ ஒரெட்டு வந்துட்டுப் போ."

சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் பொருக்கை நனைத்து நனைத்து எடுத்தார். அடியில் சீழ். இடுக்கியால் பஞ்சைத் துளித்துளியாகப் பொறுக்கி எடுக்கும்போது நர்ஸ் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் ஊர் எது, தறி எத்தனை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த நர்ஸை நான் மறக்கவில்லை.

"எலும்பு வரைக்கும் போகலைங்க. ஆனா விளிம்பைப் பாருங்க, தடிச்சுப்போய் உக்காந்துடுச்சு. உள்ள நகரவே இல்ல" என்றார் டாக்டர். "சர்க்கரையக் குறைங்க. கட்டை நீங்களா பிரிக்காதீங்க, காய விடாதீங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்து, உள்ள எறங்குச்சுன்னா, முழங்காலுக்குக் கீழ எடுக்கறதப் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

எங்கள் தறிக்கூடத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பொருள் தெரியும். இரண்டு தறிகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம்தான் இருக்கும். எட்டுத் தறிக்கும் நடுவில் நாள் முழுக்க நுழைந்து நுழைந்து திரும்பியே அப்பா என்னைப் படிக்க வைத்தார். ஒரு கால் இல்லாமல் அந்தச் சந்துக்குள் அவரால் போக முடியாது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தடித்த விளிம்பே என் கண்ணில் நின்றது.

நல்ல விளிம்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. கோடு கிழித்த கொஞ்ச நேரத்திலேயே ஓரத்துச் செல்கள் மாற ஆரம்பிக்கும். உருண்டு திரண்டு இருந்தது தட்டையாகும். காலியாக இருக்கும் பக்கமாக மெல்லிய பாவாடை மாதிரி ஒரு ஓரத்தை நீட்டும், அதைத் தட்டில் ஊன்றும், பின்னுடம்பை இழுத்துக்கொள்ளும். பின்னால் இருப்பவை முன்னால் போவதன் பிடியை விடாமல் கூடவே நகரும். அப்பாவின் காலிலோ ஓரத்துச் செல்கள் பெருகிப் பெருகி இருந்த இடத்திலேயே குவிந்து கிடந்தன. நகர்வதற்கு ஈரமான தரை வேண்டும். அவர் கொடுத்தது ஃபேன் காற்று.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். கட்டைப் பிரித்துப் போட்டு, காலை நீட்டி, ஃபேன் முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னாருங்க? காய விடாதீங்கன்னு சொன்னாரா இல்லையா?"

"அவரு சொல்லுவாரு. ஈரத்துல வெச்சா எதுவும் அழுகத்தான் செய்யும். புண்ணுன்னா காயோணும். ஊரே அப்படித்தான் செய்யுது."

"கோடையில தறிக்கூடத்துல தண்ணி தெளிக்கறீங்களே, அது எதுக்குங்க?"

"காஞ்சா இழை அறும்."

"அப்ப உங்க காலு?"

"காலு என்ன நூலா?" என்று அவர் கத்தினார். "உன்ற தட்டுல இருக்கறது தட்டு. என்ற காலு காலு. நாலெழுத்துப் படிச்சுப்போட்டு எங்கிட்ட வந்து பேசாத."

அம்மா வந்து நடுவில் நின்றாள். நான் சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டேன். பஸ் சங்ககிரியைத் தாண்டும்வரை கோபம் இருந்தது. அப்புறம் பயம்தான் இருந்தது. அப்பாவிடம் இனி வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

எங்கள் துறைத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கினேன். ஒரே நாளில் வளர்க்கத் தொடங்கிய இரண்டு தட்டுகளை எடுத்து, இரண்டிலும் ஒரே மாதிரி கோடு கிழித்தேன். ஒன்றை உடம்புச் சூட்டில் வைக்கும் பெட்டிக்குள் வைத்தேன். இன்னொன்றில் சத்துநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து ஃபேனுக்குக் கீழே வைத்தேன். உயிரோடு இருந்ததைத் தெரிந்தே காயப்போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அம்மா எப்படியோ அப்பாவைக் கிளப்பி அனுப்பிவிட்டாள். வெள்ளை வேட்டியில், என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். செல் வளர்க்கும் அறைக்குள் அவரை விட முடியாது. வெளியே மைக்ரோஸ்கோப் மேசையில் உட்காரவைத்து, முதலில் ஈரத்தில் இருந்த தட்டைக் கொண்டுவந்தேன். அதற்கு முன்பே எடுத்த படங்களை வரிசையாகக் காட்டினேன். கோடு அகலமாக இருந்தது, பிறகு ஒடுங்கியது, பிறகு இரண்டு கரையும் ஆங்காங்கே தொட்டுக்கொண்டது. தட்டில் இப்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊசிக்கண் அளவு இடைவெளி மிச்சமிருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. இழை அறுந்த இடத்தைத் தேடும்போது தறி மேல் இப்படித்தான் கவிழ்ந்திருப்பார்.

"இதுங்களுக்கு ஆருடி சொன்னது, போயி மூடுன்னு?"

"யாரும் சொல்றதில்லைங்கப்பா. பக்கத்துல இருந்தது இல்லைன்னதும் அதுகளாவே நகரும்."

"எப்ப நிக்கும்?"

"எதிர்க்கரையில இருந்து வரதைத் தொட்டதும் நின்னுக்கும். அதுக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். "இது ஆரோட தோலு?"

"எங்கியோ வெளிதேசத்துல ஒருத்தரோடதுங்க. பேரு எனக்குத் தெரியாது. அவருகிட்ட எடுத்ததையே பெருக்கிப் பெருக்கி எல்லா ஊருலயும் வெச்சிருக்காங்க."

"மகராசன், நல்லா இருக்கட்டும்" என்றார்.

பிறகு காய்ந்த தட்டை வைத்தேன். கோடு நேற்றுக் கிழித்தபடியே அகலமாகக் கிடந்தது. இரண்டு கரையிலும் செல்கள் சுருங்கி, வெடித்து, உதிர்ந்திருந்தன. ஒன்றுகூட ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அப்பா அதைப் பார்த்தார்.

"இது செத்துப்போச்சா?"

"ஆமாங்கப்பா."

"என்ற காலுலயும் இப்படித்தானா? நாந்தான் தெனமும் ஃபேனப் போட்டுக் கொன்னுக்கிட்டு இருந்தனா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் குனிந்து, வேட்டிக்கு மேலேயே கட்டின் மீது கையை வைத்துக்கொண்டார்.

"மூடறதுக்கு வந்ததுங்களப் பகையாளியாட்டம் வெரட்டிப்போட்டனே, சாமி" என்றார். அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு கோபக்காரர்களும் ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

நானே அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் எதிர்க்காற்று சன்னல் வழியாக முகத்தில் அடித்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, காற்றுப் படாமல் கட்டின் மேல் போர்த்தி வைத்துக்கொண்டார். எடப்பாடி வரும்வரை அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தத் துண்டைப் பார்த்ததும்தான் எனக்குப் பாதி பயம் போயிற்று.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் அம்மா. டாக்டர் சொன்னபடி உப்புநீர் ஊற்றிக் கழுவி, பசை மருந்து தடவி, ஈரம் போகாத கட்டைப் போடுவாள். தறிச் சத்தத்திலேயே பாதிக் காது போனவள், அந்த வேலையின்போது மட்டும் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அப்பா டீயில் சர்க்கரையை விட்டார், தீபாவளிப் பலகாரத்தைக்கூடத் தொட மாட்டேன் என்று அட்வான்ஸாகச் சொன்னார். காலை எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டு, "இழை புடிச்ச கையி, பாத்துக் கழுவு புள்ள, வேகமாத் தேச்சா ஓரத்துல வந்ததெல்லாம் போயிரும்" என்று அம்மாவுக்கே பாடம் எடுத்தார். "ஏனுங்க, பத்து நாளைக்கு முன்னால இந்த வெவரம் எங்க போச்சுங்க?" என்று அவள் கேட்டால் மட்டும் காது கேட்காதவர் மாதிரி இருப்பார்.

அடுத்த மாசம் சேலத்துக்குப் போனபோது டாக்டர் தடித்த ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கிவிட்டார். தூங்கிக்கிடக்கும் ஓரத்தை எழுப்பிவிடுகிறேன் என்றார். குழி நடுவில் மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் புதுச்சதை பொடிப்பொடியாக எழும்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "வெட்டறதப் பத்தி இனிமே பேச வேண்டாம்" என்றார். வெளியே வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் பார்த்தேன். ஓரத்திலிருந்து, வெங்காயத்தின் உள்தோல் அளவுக்கு மெல்லிசாக, வெளிறிய தோல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. என் தட்டில் ஒரு நாளில் நடப்பது அங்கே மாசக்கணக்கில் நடந்தது. ஒரு கல்யாண விருந்தில் அப்பா இனிப்புக்குக் கை நீட்டியதற்கு அது ஒரு வாரம் நகராமல் நின்று பார்த்தது. மறுபடி புறப்பட்டது. கடைசியில் ஒரு நாள் அம்மா போனில், "தொட்டுக்கிச்சு சாமி, ரெண்டு கரையும் தொட்டுக்கிச்சு" என்றாள். எனக்கு ஆய்வுக்கூட வேலை ஓடவில்லை. பெட்டியைத் திறந்து, தட்டுகளைப் பார்த்து, வாய்விட்டே நன்றி சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊரில் இருந்தேன். எட்டுத் தறியையும் துடைத்து, எண்ணெய்விட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே அப்பா அந்தச் சந்துகளுக்குள் பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து வந்தார். நாடாக்களுக்கும் வைத்தார், குத்தியதற்கும் சேர்த்து. "உன்ற மைக்ரோஸ்கோப்புக்கு வெச்சியா?" என்று கேட்டார். வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

பொரியும் கடலையும் எடுத்து வைத்துவிட்டு அம்மா கற்பூரம் கொளுத்தப் போனாள். "இரு புள்ள" என்று அவர் தடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வேட்டியை முழங்கால் வரை ஏற்றினார். தழும்பு மயிர் இல்லாமல், வழவழப்பாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பழைய தோலின் பலம் அதற்கு முழுசாக வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அழுத்தாமல், தழும்பின் நடுவில் வைத்தார். அதன் மேல் குங்குமம் வைத்தார்.

"காலுக்கு எதுக்குங்க பொட்டு?" என்று அம்மா சிரித்தாள்.

"காலுக்கு இல்ல. உள்ள வேலை செஞ்சதுங்களுக்கு" என்றார் அப்பா. "கற்பூரத்த இங்கயும் ஒருக்கா காட்டு."

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து, அவர் காலுக்கு நேராகக் கற்பூரத்தைக் காட்டினாள். நான் கும்பிட்டேன்.