பொட்டுக் கலையாத மெசின்கள்

பனியன் கம்பெனியில் தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கும் பையனாக நுழைந்தவன் நான். பள்ளிக்கூடம் அதோடு சரி. இன்று பெருமாநல்லூர் சாலையில் சொந்தக் கட்டடம், இரண்டு மாடி நிறைய மெசின். யாரும் கைதூக்கி விடவில்லை. துணியைத் தொட்டால் எந்த நூல் என்று சொல்லிவிடுவேன். என்னைப்போலச் சொல்ல இந்த ஊரில் ஆள் இருந்தால் கூட்டிவாருங்கள், பார்க்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து எதிரில் உட்கார்ந்தால் என் ஆபீசிலேயே விருந்தாளி. நடுவில் ஏஜென்ட் உட்கார்ந்துகொள்வார். இருவரும் இங்கிலீஷில் நெடுநேரம் பேசுவார்கள், சிரிப்பார்கள். கடைசியில் எனக்கு ஒரே ஒரு வரி வரும். மீதி எங்கே போனது என்று கேட்டால் சும்மா குசலம் விசாரித்தோம் என்பார்.

இதற்கு முடிவு கட்டத்தான் மகளை யுனிவர்சிட்டியில் எம்.பி.ஏ. சேர்த்தேன். வெள்ளைக்காரன் பேசினால் புரிய வேண்டும், திருப்பிப் பேசத் தெரிய வேண்டும், அது நடக்குமா என்று கேட்டேன். ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். வரிசையாகக் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் காதில் மாட்டும் ஹெட்போன். லேங்குவேஜ் லேப் என்றார்கள். இதில் உட்கார்ந்து கேட்டுப் பேசிப் பழகினால் எந்த தேசத்து இங்கிலீஷும் வரும் என்றார்கள். நம்பினேன். மெசினை நம்பியே பிழைத்தவன் நான்.

இரண்டாம் வருடம், பொங்கல் லீவு. மகள் வீட்டில் இருந்த நேரம் பையர் வந்தார். ஏஜென்டை டீ குடிக்கச் சொல்லிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பையர் பாதி வார்த்தையை விழுங்கிப் பேசுகிற ஐரோப்பாக்காரர். ஏதோ கேட்டார். மகள் சிரித்தாள். மறுபடி கேட்டார். மறுபடியும் சிரித்தாள். மேசைக்கு அடியில் அவள் கை துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்கண்ணா, பாப்பாவெ எதுக்குச் செரமப்படுத்தறீங்க? நல்ல மாப்பளையாப் பாருங்க. பேசறதுக்கு நானிருக்கறனல்லங்க” என்றார் டீ டம்ளரோடு திரும்பி வந்த ஏஜென்ட். பிறகு பையர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று அவளைத்தான் முதலில் வைதேன். இத்தனை படிக்க வைத்தும் வாயைத் திறக்கத் தெரியவில்லையா என்று.

“வையறதுன்னா வையுங்கப்பா. படிச்சாப் புரியுது, எழுதச் சொன்னா எழுதறேன். காதுல கேட்டுப் பழகுனாத்தானுங்க வாய்ல வரும்? அந்த ரூமைத் தொறந்தாத்தானே?” என்றாள்.

லீவு முடிந்ததும் நானே அவளோடு போனேன். துறைத்தலைவர் சாவி கொண்டுவரச் சொல்லித் திறந்துவிட்டார்.

ஒவ்வொரு ஹெட்போனிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. நடந்துகொண்டிருந்ததோ தை மாசம்.

என் கம்பெனியிலும் ஆயுத பூஜை உண்டு. மாலை, பொட்டு, பொரிகடலை எல்லாம் உண்டு. லீவு முடிந்து ஆள் உட்கார்ந்து ஓட்டினால் மத்தியானத்துக்குள் பொட்டு இருந்த இடம் தெரியாது. இங்கே வைத்த பொட்டு வைத்தபடி வட்டமாக இருந்தது. அதற்குமேல் நான் யாரையும் எதுவும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைத்துவிடுவார்கள், இன்ஸ்பெக்சனுக்கு ஆள் வரும்போது எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்றார் துறைத்தலைவர்.

“ஏனுங்க சார், என்ற கம்பெனில தெனமும் ஊசி ஒடையுது. அதுக்குன்னு மெசினை மூடி வெச்சனுங்களா? ஓட்டாத மெசினுக்கு எதுக்குங்க பூசை? இது லேப்புங்களா, கோயிலுங்களா?”

குரல் ஏறிவிட்டது. வராந்தாவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மகள் என் கையைப் பிடித்து, “போதுங்கப்பா” என்றாள். பிறகு அவளே முன்னால் போய், சாயந்திரம் சாவியைத் தன்னிடமும் தோழிகளிடமும் கொடுக்கும்படியும் எது உடைந்தாலும் அதற்குத் தானே பொறுப்பு என்றும் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என் காரைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். அவள் துப்பட்டா முனையால் ஒரு பொட்டைத் துடைத்துவிட்டுக் காதில் மாட்டினாள்.

முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்டது என்று போனில் சொன்னாள். பிறகு அங்கங்கே வார்த்தை பிடிபட்டதாம். தோழிகளோடு இங்கிலீஷிலேயே சண்டை போட்டுப் பழகினாளாம். தப்பாகப் பேசியதற்கு ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து, கடைசியில் கூச்சமே விட்டுப்போனதாம்.

கோடையில் பையர் மறுபடி வந்தார். அவர் வேகமெடுத்தபோது மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். மெதுவாகத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னார். மறுபடி நிறுத்தினாள். மறுபடியும் சொன்னார். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“துணி நல்லாருக்குதாங்கப்பா. ஆனா ஒவ்வொரு தடவ அனுப்பற லாட்டுக்கும் சாயம் மாறுதாம். பொங்கலுக்கு வந்தப்பவே சொன்னாராம்.”

அந்தப் பேச்சு எனக்கு வந்து சேரவில்லை. என் துணிக்குச் சாயம் போடும் பட்டறையைக் கைகாட்டியதே ஏஜென்ட்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றோடு அவருக்கு என் ஆபீசில் நாற்காலி இல்லை. பையரோடு நேரடியாகப் பேசி ஆர்டர் எடுக்கிறோம். பேசுகிறவள் என் மகள்.

ஆனாலும் அந்த யுனிவர்சிட்டிமேல் ஆத்திரம் அடங்கவில்லை. மகள் படித்து முடித்து வந்த பிறகு, என் கட்டிங் மாஸ்டர் தன் பெண்ணை அதே இடத்தில் சேர்த்தார். லேப்பில் உட்காருகிறாளா என்று கேட்டேன்.

“இல்லீங்க மொதலாளி. பூசைக்குத்தான் தொறப்பாங்களாமுங்க.”

அவர் சைக்கிளில் போய்க் கேட்டால் யார் சாவி கொடுப்பார்கள்? கத்திரியைக் கீழே வைக்கச் சொன்னேன். காரில் ஏறச் சொன்னேன்.