பட்டுக்கு வைக்கிற சூடு

இஸ்திரிக்காரரைப் போல வாயைத் திறக்காத மனுஷரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, மாடிப்படிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் ஓர் ஒற்றை அறை. அதுதான் அவர் கடை. இருபத்து மூன்று வருஷமாக அங்கே நின்றுகொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் பத்து வார்த்தை பேசினால் இவர் "சாயங்காலம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். துணி அன்று சாயங்காலமே தயாராகிவிடும் என்று அர்த்தம்.

தொழிலில் மட்டும் படு கெட்டி. பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. விரலைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியின் அடியில் ஒரு சொட்டுச் சுண்டுவார். சுரீரென்றால் பருத்திக்கு. லேசாக முணுமுணுத்துவிட்டுக் காய்ந்தால் பட்டுக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு துணியைக் கருக்கியதில்லை என்று கட்டடமே சாட்சி சொல்லும்.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. கடையில் துணி மலை போலக் குவிந்தாலும் அந்த முக்காலியின் மேல் ஒரு கைக்குட்டையைக்கூட வைக்க மாட்டார். அவர் மனைவி உட்கார்ந்து அறுந்த பட்டன்களைத் தைத்த இடம் அது. அவள் தைத்துக்கொண்டே இரண்டு பேருக்கான பேச்சையும் தானே பேசிவிடுவாள். அதனால் இவர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், மகன் படிப்புக்காக, வெளிநாட்டில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் போனாள். போகச் சொன்னதே இவர்தான். விமான நிலையத்தில் அவள் அழுதபோது, இங்கே ஒன்றும் கவலை இல்லை, போய்விட்டு வா என்று தைரியம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் இன்றுவரை படாத பாடு படுகிறார். நடுவில் ஒரே ஒரு தடவை இருபது நாள் வந்துபோனாள். போன வருஷம் மகன் படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்கும் போய்விட்டான். இனி அவள் அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. வா என்று சொன்னால் வந்துவிடுவாள். ஆனால் போகச் சொன்ன வாயால் எப்படி வரச் சொல்வது? அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தால்? இந்தக் கல்லுளிமங்கன் வாயைத் திறந்து கேட்டால்தானே தெரியும்.

இந்த நிலைமையில்தான் அவருக்கு ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தது. சேதி கேட்ட அடுத்த வாரமே அவள் ஒரு பச்சைப் பொட்டலம் அனுப்பினாள். கிரீன் டீ. அந்த அம்மாளோடு சேர்ந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் குடித்துக் குடித்து அவளுக்கு அந்த ருசி பழகிவிட்டதாம். உடம்புக்கும் நல்லது என்கிறார்களாம். டாக்டரைக் கேட்டார். குடிக்கலாம், கெடுதல் இல்லை, ஆனால் அது மருந்தும் இல்லை, மாத்திரையை விட்டுவிடாதீர்கள், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அங்கே நாலு மணி என்றால் இங்கே காலை பதினொன்றரை. "அந்த நேரத்துக்கு நான் கூப்பிடறேங்க. நீங்களும் குடிங்க, நானும் குடிக்கிறேன். ஒண்ணா குடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த அழைப்பு தினமும் வர ஆரம்பித்தது. மனுஷருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த டீ இருக்கிறதே, அடேயப்பா! பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. டீ போடத் தெரியாதா என்ன என்று இலையை அள்ளிப் போட்டு, கடை மூலையில் இருந்த ஸ்டவ்வில் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை தளதளவென்று கொதிக்க வைத்தார். உடம்புக்கு நல்லது என்றால் சாரம் நன்றாக இறங்கட்டுமே என்று இன்னும் ஐந்து நிமிஷம். சர்க்கரை கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். முதல் வாயிலேயே முகம் அஷ்டகோணலாகிவிட்டது. பக்கத்து அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா எட்டிப் பார்த்து, என்ன அண்ணே, யாருக்குக் கஷாயம் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தாள்.

மனைவி கேட்டபோது மட்டும் சொன்னார். "நல்லா இருக்கு."

ஏழு மாதம் அப்படியே ஓடியது. மடித்து வைத்த சட்டைகளின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் அந்தக் கசப்பை ஊற்றிக்கொண்டு முக்காலிக்குப் பக்கத்தில் நின்று குடிப்பார். உள்ளே இருப்பது என்ன நிறம் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினால் இறங்கிவிடும். போனை வைத்த பிறகு ஒரு மணி நேரம் நாக்கில் கசப்பு நிற்கும். அந்த ஒரு மணி நேரமும் அவள் கூடவே இருக்கிற மாதிரி இருக்கும் என்பதால் அவர் வாயைக்கூடக் கொப்பளிக்க மாட்டார்.

ஒரு வியாழக்கிழமை அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அம்மாளின் மகள் காகிதத்தைக் கொண்டு வந்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்."

அவள் கொஞ்ச நேரம் இவரையே பார்த்தாள். "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷம்! அன்று ராத்திரியும் அடுத்த ராத்திரியும் அவர் கண்ணை மூடவில்லை. இரண்டு வார்த்தை சொல்ல முடியாத தன் வாயைத் தானே திட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் ஏதோ கருகுகிற வாசனை. இரண்டாவது மாடி வாத்தியாரின் வெள்ளைச் சட்டை முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. வாத்தியார் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்றார். இவருக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மாத்திரை போட எவர்சில்வர் டம்ளரை வாங்கிப்போன ஜெராக்ஸ் கடை அம்மா அதைத் திருப்பித் தரவில்லை. பதினொன்றரை ஆகிவிட்டது. கைக்குக் கிடைத்த கண்ணாடி டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டு போன் முன்னால் நின்றார்.

"என்னங்க அது? காபியா?"

"நீ அனுப்பின டீதான்."

"ஐயோ, எப்படிப் போட்டீங்க?"

சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏழு மாசமா கசக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"சொன்னா நீ அனுப்பறதை நிறுத்திடுவே. கூப்பிடறதும் நின்னுடும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதைக் கீழே கொட்டுங்கள், வேறு தண்ணீர் வையுங்கள் என்று அதட்டினாள். தண்ணீர் கொதித்தது. இலையை எடுக்கப் போனவரைத் தடுத்தாள்.

"அவசரப்படாதீங்க. இறக்கி வெச்சு ஆற விடுங்க. இது பருத்தி இல்ல. பட்டுக்கு வைக்கிற சூடுதான் வேணும்."

அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. பாத்திரத்தை இறக்கி வைத்தார். இருவரும் தண்ணீர் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் பக்கத்தில், மேஜை மேல், காகிதமும் பேனாவும் இருப்பது போனில் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

ஆவி அடங்கியதும் இலையைப் போட்டார். அவள் இரண்டு நிமிஷம் எண்ணிச் சொன்னதும் வடிகட்டினார். வெளிர் மஞ்சளில் பச்சை கலந்த நிறம். ஒரு வாய் குடித்தார். அப்போதுதான் வெந்து இறக்கிய பட்டாணியின் வாசனை, லேசான துவர்ப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு சின்ன இனிப்பு. இதையா அவள் தினமும் அங்கே குடித்துக்கொண்டிருந்தாள்? தான் ஏழு மாதமாக அவளோடு சேர்ந்து குடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நல்லா இருக்கு" என்றார்.

அவள் தலையாட்டினாள். முகம் வாடிப்போனது. இந்த "நல்லா இருக்கு"வைத்தானே ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கை பேனாப் பக்கம் நகர்ந்தது.

"டீயைச் சொன்னேன்" என்றார் இஸ்திரிக்காரர். "மத்தபடி ஒண்ணும் நல்லா இல்ல. நீ வந்துடு."

அவள் பேனாவைத் தள்ளி வைத்தாள். பிறகு காகிதத்தை மடித்தாள். அவர் சட்டை மடிக்கிற மாதிரியே நாலு ஓரமும் சேர்த்து மடித்தாள்.

"வேற ஆள் பார்த்துக் குடுத்துட்டு வர ஒன்றரை மாசம் ஆகும்" என்றாள். "அதுவரைக்கும் கொதிக்க வைக்காம குடிங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, முக்காலியைத் துடைக்க ஒரு துணியைத் தேடினார்.