பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு மற்ற உறுப்புகளைவிட வலது கால் சீக்கிரம் கிழடாகிவிடும். கற்றுக்கொள்கிறவர் மிதிக்க மறக்கும்போதெல்லாம் என் பக்கத்து பிரேக்கை நான் மிதிக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது ஸ்கூட்டர் பழக்கப் பின்னாலேயே ஓடியிருந்தால் இந்த வலி உங்களுக்கும் தெரியும். கியரும் கிளட்சும் விருத்தாசலத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லித்தரலாம். பயத்தைப் போக்கத்தான் ஆள் வேண்டும். அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து, முன்பு நடுங்கியவர்களின் கதைகள். எல்லாம் நடந்தவை.

சாவியைத் தொடாதவர்

மகேஸ்வரி செராமிக் பொம்மை செய்கிறவர். சொந்த வேன் உண்டு. ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் திருப்பூர் போய்விட்டார். கொலு பொம்மைகளைப் பொதுச் சூளையில் சுட இவருக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அன்று கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் சீசனே போச்சு. வாடகை வண்டிக்காரர்கள் பச்சைப் பொம்மையை ஏற்ற மாட்டார்கள். சுடாத களிமண், ஒரு குலுக்கலுக்கே மூக்கு உதிர்ந்துவிடும். தானே ஓட்டுவதென்று என்னிடம் வந்தார். என் ஸ்கூல் காரில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவர், கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சாவி போட்டா வண்டி கெளம்பிடும் இல்லீங்களா சார்? அதான் போடல."

ஆலை கேட்டில் பி.டி. மாஸ்டர்

மகேஸ்வரிக்கு ஒரு ரிட்டயர்டு பி.டி. மாஸ்டரின் கதையைச் சொன்னேன். அவர் விசிலுக்கு ஸ்கூலே நடுங்கும். அவர் பஸ் ஹாரனுக்கு நடுங்குவார். பெண்ணாடம் பக்கம் பழகிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. மாஸ்டர் ஓரமாக நின்ற கரும்பு டிராக்டர் வரிசைக்குள் காரைச் செருகிவிட்டார். அங்கே யாரும் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவுமில்லை. அவருக்கு முகமே தெளிந்துவிட்டது. வரிசை நகர நகர நாங்களும் நகர்ந்தோம். பின்னால் மேலும் டிராக்டர்கள் சேர்ந்துகொண்டன.

வரிசை சர்க்கரை ஆலை கேட்டில் போய் முடிந்தது. வேறு வழியில்லாமல், டிராக்டர்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, முன்னும் பின்னும் அசைத்து அசைத்து மாஸ்டர் காரைத் திருப்பினார். அதற்கப்புறம் எந்த பஸ்ஸும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திருப்பச் சொன்னவர் ஆலை வாட்ச்மேன். குனிந்து பின் சீட்டில் கரும்பைத் தேடிவிட்டு அவர் சொன்னது:

"வந்த வழியே போயிடுங்க சார். உள்ள வுட்டா எடை போட்டுப் புழிஞ்சிடுவாங்க."

தவில்காரரின் தலை

சிரித்த சிரிப்பில் மகேஸ்வரி சாவியைப் போட்டுவிட்டார். ஊரைச் சுற்றப் பழகியதும் ஒரு பரீட்சையையும் அவரே கண்டுபிடித்தார். கழித்துப்போட்ட பச்சைப் பொம்மைகளில் ஒரு மேளக் கோஷ்டியைத் தட்டில் அடுக்கிப் பின் சீட்டில் வைப்பார். உடையாமல் திரும்பினால் பாஸ். பாலக்கரை அருகே ஒரு ஆடு குறுக்கே வந்தது. கார் குலுங்கி நின்றது. தவில்காரரின் தலை சீட்டுக்கு அடியில் உருண்டு வந்து என் செருப்பில் இடித்தது. பிரேக்கை எப்படிப் பக்குவமாக மிதிக்க வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். மகேஸ்வரி தன் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"நான் இன்னும் மிதிக்கவே இல்ல சார். இது நீங்க மிதிச்சது."

சூளை வரைக்கும்

சூளையில் மகேஸ்வரிக்கு ஒதுக்கிய நாள் வந்தது. துணைக்கு வேனில் ஏறிக்கொண்டேன். வேனில் என் பக்கம் பிரேக் கிடையாது என்பது கிளம்பிய பிறகுதான் உறைத்தது. பின்னால் வைக்கோல்மேல் அத்தனை பொம்மைகளும். எதிரே ஒரு பஸ், இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தது. நான் தரையை மிதித்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். திறந்தபோது வேன் மண் ஓரத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது, பஸ் போய்விட்டிருந்தது.

சூளையில் கதவைத் திறந்து பார்த்தோம். ஒரு மூக்குகூட உதிரவில்லை. என் சீட்டுக்கு முன்னால் ரப்பர் மேட் மட்டும் சுருண்டு கிடந்தது. மகேஸ்வரி அதைக் குனிந்து நீவிவிட்டார்.

"அந்த பி.டி. சார் கதைய இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். இந்த வாட்டி நீங்க கேட்டுக்குங்க."

இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இன்னொரு உண்மைக் கதை சேர்ந்திருக்கிறது; அதில் கண்ணை மூடிக்கொண்டவர் யாரென்று மட்டும் சொல்வதில்லை.