இரண்டு தேதியையும் எழுதிய லீலாவதி மேடம்

மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்த ஓசூர் ரோட்டில் வண்டி நகராமல் நின்றிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் மஞ்சுநாத்.

"குமரேசன் சார், நம்ம லீலாவதி மேடம் போயிட்டாங்க. காலையில ஹார்ட்டு நின்னுபோச்சு."

அழுகை வரவில்லை. களைப்புதான் வந்தது. முன்னால் நின்ற கம்பெனி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று மறுநாள் மஞ்சுநாத்தே கேட்டார். எனக்கு எழுதிப் பழக்கம் கொட்டேஷன் மட்டும்தான். ஆனாலும் இதை வேறு யாரும் எழுத முடியாது. அவரிடம் நான் நடந்துகொண்ட விதம் எனக்குத்தானே தெரியும்.

தொண்ணூற்றொன்றில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஆம்பூரிலிருந்து வந்து, ரத்தம் பிடிக்கும் குழாயும் சிரிஞ்சும் பெட்டியில் கட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த காலம். மஞ்சுநாத் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியில் அவர் லேபுக்குப் பொறுப்பாளர். நான் மேலிருந்து ஒரு குழாயை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு, நடுவிலிருந்து பத்துக் குழாய்களை உருவினார்.

"மேல இருக்கறத நீங்க காட்டுவீங்க. நடுவுல இருக்கறத நான் பாத்துக்கறேன்."

ஆர்டர் கிடைத்தது. மூன்றாவது மாதமே ஒரு பெட்டியில் ஈரம் இறங்கி, ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் போட்டிருந்த மருந்து கட்டிதட்டிவிட்டது. நான்கு நோயாளிகளின் ரத்தம் உறைந்துபோயிற்று. என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாற்றுப் பெட்டியோடு ஓடினேன்.

"பெட்டிய அங்க வைங்க. நாலு பேர மறுபடி குத்தணும். ஏன்னு நீங்களே வார்டுக்குப் போய்ச் சொல்லுங்க."

போனேன். மூன்று பேர் கையை நீட்டிவிட்டார்கள். நான்காவது, சிவாஜிநகர் அம்மா ஒருவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, என் ரத்தம் என்ன கார்ப்பரேஷன் தண்ணியா, தொறந்தா வர்றதுக்கு?" அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் நானே பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

கணையப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் மேடம் ஓர் அட்டை போட்டு வைத்திருந்தார். கத்தி வைப்பதற்கு முன் எடுத்த ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு, வெள்ளையணுக்களில் எந்த வகை கூட, எந்த வகை குறைவு, எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது லேபின் விலாசம் எழுதிய தபால் கார்டு ஒன்றைக் கொடுத்தனுப்புவார். "எப்படி இருக்கீங்கன்னு ஒரு வரி போடுங்க." கோலாரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கன்னடத்திலும் தமிழிலும் பதில் வரும். நலமென்றால் மூலையில் மஞ்சள் தடவி அனுப்புகிறவர்களும் உண்டு. எழுதினவர் நோயாளியா, அவர் மகனா என்று கையெழுத்தைப் பார்த்தே மேடம் தெரிந்துகொள்வார். சனிக்கிழமைகளில் சர்ஜனும் அவரும் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"ஜோசியமா மேடம்?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்.

"ஜோசியக்காரன் ஆளப் பாத்துச் சொல்லுவான். இது கூட்டத்தப் பத்தித்தான் சொல்லும். அல்புமின் கம்மியா இருந்தவங்க அதிகம் தாங்கறதில்ல. அவ்வளவுதான் தெரியுது."

அந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் என் தம்பி சேகருக்குக் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, கணையத்தின் தலையில் கட்டி என்று சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். சேகர் ஆஸ்டின் டவுனில் ஆட்டோவுக்கு சீட் தைக்கும் கடை வைத்திருந்தான். அவனுடைய முதல் ரத்தத்தில் அல்புமின் மிகக் குறைவு. பித்தக்குழாயில் ட்யூப் வைத்துக் காமாலையை இறக்கி, மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்று சர்ஜன் சொன்னார்.

வியாபாரி மூளை வேறெப்படி ஓடும்? நம்பர்தானே தடை, நம்பரை ஏற்றிவிட்டால் போயிற்று. மூன்றாவது வாரக் கடைசியில், மேடத்துக்குத் தெரியாமல் சேகரை வேறொரு நர்சிங் ஹோமில் படுக்கவைத்து, மூன்று நாள் அல்புமின் பாட்டிலாக ஏற்றினேன். நாலாம் நாள் ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போனேன். ரிப்போர்ட் வந்தது, நம்பர் அருமையாக ஏறியிருந்தது. மேடம் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"அல்புமின் ஏறியிருக்கு. வெள்ளையணு போன தடவ மாதிரியேதான் கெடக்கு. இது தின்னு ஏறினது இல்ல. எங்க ஏத்துனீங்க?"

நர்சிங் ஹோம் பேரைச் சொன்னேன்.

"கோலார் தக்காளிப் பெட்டி மாதிரி மேல நல்லதா அடுக்கிக் கொண்டாந்திருக்கீங்க. புகைய அமுக்கினா நெருப்பு அணைஞ்சிடுமா குமரேசன்? இத நம்பி சர்ஜன் கத்திய எடுத்து, உள்ள போட்ட தையல் பிடிக்காம போனா? அடியில இருக்கறது உங்க தம்பி."

இரண்டு தேதிகளையும், இரண்டு நம்பர்களையும் ஒரே தாளில் எழுதினார். நடுவில் "அல்புமின் ஏற்றப்பட்டது" என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். கெஞ்சினேன். "சும்னே இருங்க" என்று கன்னடம் கலந்து அதட்டி என் வாயை அடைத்தார். ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. முட்டையும் பாலும் கஞ்சியுமாகச் சேகருக்கு ஊட்டினோம். நம்பர் கொஞ்சம்தான் ஏறியது. ஆனால் அது அவனுடைய சொந்த நம்பர்.

ஆபரேஷனுக்கு முன்தினம் சேகரே லேபுக்கு நடந்து வந்துவிட்டான். நானும் கூட இருந்தேன்.

"மேடம், நான் சீட்டு தெக்கறவன். எவ்ளோ துணி இருக்குன்னு தெரியாம வெட்ட முடியாது. சொல்லுங்க."

"சொல்லாதீங்க" என்று கையைக் காட்டினேன். மேடம் என்னைப் பார்க்கவேயில்லை.

"உங்கள மாதிரி ரத்தத்தோட போனவங்கள்ல ரெண்டு வருஷம் தாண்டினவங்க கம்மி சேகர். ஒரு வருஷத்துக்குள்ள முடிஞ்சவங்களும் உண்டு. ஆபரேஷன் வேணாம்னா இன்னும் கம்மி. ஆனா இது கூட்டத்தோட பேச்சு. உங்க பேரு அதுல இல்ல."

சேகர் துணியை நீவுவதுபோல மேசையைத் தடவினான். "சரி, வெட்டிரலாம் மேடம்" என்றான்.

அவன் போனதும் நான் கத்தினேன். "மனுஷங்கிட்ட பேசற பேச்சா இது? இன்னைக்கே பாதி கொன்னுட்டீங்க." அவர் ஒன்றுதான் கேட்டார்: "நீங்க மறைச்சா அவருக்கு நாள் கூடுமா?" அதற்கப்புறம் நாலு வருடம் லேபுக்குள் நான் கால் வைக்கவில்லை. சரக்கு போயிற்று, ஆள் போகவில்லை.

சேகர் பதிமூன்று மாதம் இருந்தான். எழுந்து நடந்த முதல் வாரத்திலேயே மனைவி செல்வியைக் கடைக்குக் கூட்டிப்போய், ரெக்சின் வெட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி திட்டுவான். "கோணலா போவுது பாரு. ஆட்டோக்காரன் கோணலா உக்காரணுமா?" அவள் அழுதுகொண்டே வெட்டுவாள், சிரித்துக்கொண்டும் வெட்டுவாள். இன்றைக்கு அந்தக் கடையில் மூன்று பேருக்குச் செல்விதான் முதலாளி. அவனிடம் நான் மறைத்திருந்தால் அந்த மாதங்களை வெறும் ஓய்வென்று நினைத்துப் படுத்தே கழித்திருப்பான். இது புரிய எனக்கு நாலு வருடம் ஆயிற்று. மட்டமான மூளைதான்.

மேடம் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் போனேன். "மேடம், அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்ததுமே கையமர்த்தினார். "காபி ஆறுது, குடிங்க." பிறகு அவர்தான் கேட்டார்: "சேகர் கடைசி மாசம் என்ன சாப்ட்டாரு? வலி எப்படி இருந்தது? தூங்கினாரா?" அட்டைக்காகக் கேட்கவில்லை; எழுதிக்கொள்ள அவர் கையில் பேனாகூட இல்லை. அதுவரை யாருமே என்னை அதைக் கேட்டதில்லை. சாயந்திரம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்பு கேட்க வந்ததே மறந்துபோயிற்று. பிறகும் கேட்கவில்லை.

மேடத்தைக் கிடத்தியிருந்த வீட்டின் முன்னால் வரிசை தெருமுனை வரை நின்றது. டாக்டர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் வெளியூர்க்காரர்கள். யாரும் யாருக்கும் அறிமுகமில்லை. ஆனால் பேச்சு ஒன்றாகவே இருந்தது. "உங்களுக்கு யாரு?" "வீட்டுக்காரரு. ஆறு மாசம்." "அம்மா. ரெண்டு வருஷம் முழுசா." என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள்.

"தம்பி," என்றேன். "பதிமூணு மாசம். தெரிஞ்சேதான் இருந்தான்."

எனக்குப் பின்னால் நின்ற மனிதர் ஒல்லியாக, சட்டை தொளதொளவென்று இருந்தார். ஓசூர்க்காரர். "எனக்குத்தாங்க வந்தது. ஒம்பதாவது வருஷம் ஓடுது. அந்த ரத்தத்துக்கு நான் இருக்கவே கூடாதாம். வருஷா வருஷம் போன் போட்டு, 'மேடம், இன்னும் இருக்கேன்'னு சொல்லுவேன். 'உங்களால என் கணக்கே கெட்டுப்போச்சு'ன்னு சந்தோஷமா திட்டுவாங்க." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "இனிமே யாருக்குங்க போன் போடறது?"

வரிசை நகர்ந்தது. அவர் போனைக் கேட்டு வாங்கி, என் நம்பரை அதில் நானே ஏற்றிக் கொடுத்தேன்.

திட்ட எனக்கு வருமா, தெரியவில்லை மேடம். ஆனால் அவர் கூப்பிட்டால் எடுப்பேன். நீங்கள் போய் வாருங்கள்.