பிஸ்டலைப் பிரித்துப் பூட்டிய பாடு

துப்பாக்கி பழுது பார்க்கிறவனுக்குச் சுடத் தெரிய வேண்டிய அவசியமில்லை. தரையில் மண்டி போட்டுத் தேடத் தெரிந்தால் போதும்.

பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் காசிம் மரைக்காயரின் கடை இருந்தது. தூண்டில், டென்னிஸ் மட்டை, வேட்டைத் துப்பாக்கி எல்லாம் விற்பார். பின்கட்டில் பழுது பார்க்கும் மேசை. சைக்கிள் கடையில் இருந்த என்னை, "கைப்பக்குவம் இருக்கு, வா சவரி" என்று கூட்டி வந்து அந்த மேசையில் உட்கார வைத்தார். எதிர் மேசையில் ஆ செங் என்ற சீனர். எனக்கு முன்பே பத்து வருஷமாக அங்கே இருந்தவர். தமிழ் பேசுவார், தமிழுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

அந்தக் காலத்தில் ஊரில் பரவியிருந்தது 'இருபத்திரண்டு' என்கிற சின்னப் பிஸ்டல். அதன் தோட்டா அடிவிளிம்பில் அடி வாங்கி வெடிக்கும். விரல் நுனி அளவுகூட இருக்காது, ஆனால் அது விடுகிற கரிக்கு அடுப்பங்கரை தோற்றது. ஆகவே அடிக்கடி பிரித்துத் துடைத்தாக வேண்டும். கூட வந்த புத்தகத்தில் பிரிக்கும் விதத்தைப் படம் படமாகப் போட்டிருந்தார்கள். பூட்டும் விதத்துக்கு ஒரே வரி: 'பிரித்ததற்கு நேர்மாறாகச் செய்க.' கடிகாரத்தையோ தையல் மிஷினையோ பிரித்து மூடிவிட்டு, மேசையில் ஒரு திருகு மிச்சம் கிடப்பதைக் கண்டு வியர்த்தவர்களே, நீங்கள் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காற்சட்டை மடிப்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் கிளார்க் ஒருவர் தூண்டில் முள் வாங்க வந்து, என் மேசைப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பிஸ்டலின் ஆணியைத் தள்ளினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த ஸ்பிரிங் எங்கே போயிற்று என்று கண்ணுக்கே தெரியவில்லை. கிளார்க்கும் முள்ளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் ஆ செங்கும் மேசைக்கடியில், அலமாரிக்கடியில், எண்ணெய்க் குவளைக்குள் எல்லாம் தேடினோம். எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஸ்பிரிங் தொலைந்தால் வேறொன்று சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

திடீரென்று ஆ செங் தன் காற்சட்டைக் காலைக் காட்டி, "அந்த ஆள் சிலுவார், கீழே மடிப்பு, பை மாதிரி லா!" என்றார். நான் ஓடினேன். கிளார்க் வெல்ட் கீ படகுத்துறையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் காலடியில் விழுந்து காற்சட்டை மடிப்பைப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் கூடிவிட்டது. என் விரலில் ஸ்பிரிங் தட்டுப்பட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதைப் பார்த்த அவருக்கும் மனம் இளகிவிட்டது: "எழுந்திரு தம்பி, நீ என்ன தப்பு பண்ணியிருந்தாலும் மன்னிச்சிட்டேன், படகு போகுது பாரு!"

மிச்சம் ஒன்று

அக்கரையில் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர், பழந்தின்ன வரும் அணில்களைச் சுட ஒரு பிஸ்டல் வைத்திருந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அதைச் சுத்தம் செய்யக் கொண்டு வந்தார். துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டி, விசையை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி. கிராணியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் துடைக்கும் துணியை உதறினேன். நெல் அளவில் ஒரு இரும்புத் துண்டு விழுந்தது. ஆ செங் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அலமாக்!" என்றார். மலாயில் ஐயையோ.

கிராணி படகேறிவிட்டார். தோட்டத்துக்குத் தந்தி அடித்தோம். இரண்டு நாள் பதில் இல்லை. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பிலேயே மாதா கோயிலுக்குக் காலையும் மாலையும் நடந்தேன். மூன்றாம் நாள் கிராணி பிஸ்டலோடு வந்து நின்றார். ஆளுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். "ஆளுக்கு ஒண்ணுமில்லை" என்றார். துரை பப்பாளி மரத்தில் இருந்த அணிலைக் குறிபார்த்து விசையை ஒரே ஒரு தடவை இழுத்தாராம். பத்துத் தோட்டாவும் சடசடவென்று போய்விட்டதாம். ஒரு இழுப்புக்கு ஒரே குண்டு என்று நிறுத்துவதுதான் நான் விட்டுவிட்ட அந்தத் துண்டு. அணில் தப்பித்தது, பப்பாளி மரம் பிழைக்கவில்லை. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, உடனே சரிசெய்து தருகிறேன் என்றேன். கிராணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சரி பண்ணிடாதீங்க தம்பி, இப்படியே இருக்கட்டும், எண்ணெய் மட்டும் போட்டுக் கொண்டான்னு துரை சொல்லி அனுப்பியிருக்காரு!"

(சரிசெய்துதான் அனுப்பினேன். துரை அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.)

தொடாத கைகள்

தானே பிரித்துப் பார்த்துக் கெடுத்துவிட்டுக் கொண்டு வருகிறவர்கள் எல்லாருமே "நான் தொடவே இல்லை" என்பார்கள். திருகின் தலை சமையல் கத்தியால் குதறப்பட்டிருக்கும். விரலில் கட்டு வேறு இருக்கும். கோர்ட்டில் பெயர் வாங்கிய ஒரு வக்கீலும் அப்படித்தான் வந்தார். அவர் பிஸ்டலின் உள்ளே ஒரு பாகம் தலைகீழாக இருந்தது. அதில் ஒரு வெற்றிலைக் காம்பும் சிக்கியிருந்தது. காம்பை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இது திறக்கப்பட்டிருக்குங்கறதை ஒப்புக்கிறேன், யார் திறந்ததுங்கறதை ஒப்புக்க முடியாது."

காலிதான்

ஆயர் ஈத்தாமில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மனைவி, பசாருக்குப் போகிற கூடையில் பிஸ்டலைக் கொண்டு வந்தார். மேலே கீரைக்கட்டு, கீழே முட்டை, நடுவில் பிஸ்டல். "ரொம்ப நாளா அலமாரியில கிடக்கு. காலிதான்" என்றார். மேசைக்கு வருகிற பிஸ்டல் எதுவானாலும் முதல் வேலையாக வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, நானே திறந்து பார்ப்பது வழக்கம். தோட்டாக்கூட்டைக் கழற்றினேன். அதில் ஒன்றுமில்லை. அந்த அம்மாள், நான் சொன்னது சரிதானே என்பது போலச் சிரித்தார். பிறகு மேல் உறையைப் பின்னுக்கு இழுத்தேன். குழலுக்குள் இருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து, மேசையில் உருண்டு, அவர் கூடையில் முட்டி நின்றது.

அந்த அம்மாள் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். முதலாளி சோடா வாங்கி வரச் சொன்னார். அதைக் குடித்து முடித்த பிறகு அந்த அம்மாள் மலாயில் மெதுவாகச் சொன்னார், தமிழில் தருகிறேன்: "நேத்து வீட்டுக்காரர் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பினப்போ, காலின்னு நினைச்சுத்தானே இதை அவர் முகத்துக்கு நேரா நீட்டினேன்!"

வெள்ளிக் கோப்பை

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசர் தனிஸ்லாஸ் அண்ணன் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். நிதானமான மனிதர், குறி தவறாதவர். துரைமார்களின் பிஸ்டல் கிளப்பில் முதல் தடவையாக ஒரு தமிழரைப் போட்டிக்குச் சேர்த்திருந்தார்கள். அதற்கே உள்ளே பெரிய வாக்குவாதமாம். போட்டியன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, முகம் வெளுத்துப் போய், ஒரு பிஸ்கட் டின்னோடு கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவர் மனைவி லூர்து அக்கா. டின்னுக்குள் பிஸ்டல் முழுசாக இருந்தது, ஆனால் துண்டு துண்டாக.

"கொஞ்சம் சுத்தம் பண்ணலாம்னு பார்த்தேன் தம்பி. மூணு மணிக்குப் போட்டி. நான் போகலைன்னா, இவங்களைச் சேர்த்தா இப்படித்தான்னு சொல்லிடுவாங்க" என்றார்.

மற்றதெல்லாம் அரை மணியில் பூட்டிவிட்டேன். கடைசியாகப் பிடியின் பின்புறம் ஒரு பட்டை நுழைய வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கால் இருக்கிறது. அது ஸ்பிரிங்கின் தலையில் போய் உட்கார வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். பிஸ்டலை நிமிர்த்தினால் கால் விலகும். கவிழ்த்தால் வேறொன்று விழும். நான் முயன்றேன். ஆ செங் முயன்றார். முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முயன்றார். மணி இரண்டு.

லூர்து அக்கா, "இங்க குடுங்க" என்றார். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். தையல் மிஷினுக்கு அடியில் பாபின் மாட்டுகிறவர்கள் செய்வது போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி உள்ளே போயிற்று. 'க்ளிக்.' மூன்று ஆண்பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றோம். அண்ணன் ரிக்‌ஷாவில் பறந்தார்.

சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். இரண்டாவது பரிசு, மூடி போட்ட ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை. முதலாளி கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். கிளப்பில் வாக்குவாதம் செய்தவர்களில் இரண்டு பேர் கை குலுக்கினார்கள் என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே கோப்பை மூடியின் குமிழைத் திருகிப் பார்க்க ஆரம்பித்தார். லூர்து அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்: "அதையாவது பிரிக்காம விடுங்க!"

பன்னிரண்டு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தும் நான் யாரையும் சுட்டதில்லை. சுட்டுவிடலாமா என்று தோன்றிய போதெல்லாம், நல்ல வேளையாக, துப்பாக்கி துண்டு துண்டாகத்தான் கிடந்தது.