புள்ளை பார்த்த கூலி

தொண்ணூற்றொன்றில் தண்டலத்தில் என் வீட்டில் ஒரு பெண் குழந்தை வளர்ந்தது. என் வயிற்றில் பிறந்ததல்ல. பின்வீட்டில் குடியிருந்தவளுடைய குழந்தை. அவள் மெயின்ரோட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் அட்டை அடுக்கும் வேலைக்குப் போனாள். காலை ஷிப்டுக்கு ஓடும்போது, தூக்கம் கலையாத குழந்தையை என் தோளில் சாய்த்துவிட்டுப் போவாள். அது என் கழுத்தெல்லாம் எச்சில் ஒழுக இன்னொரு தூக்கம் போடும்.

புருஷனும் அவளும் பிரிந்து, கோர்ட்டில் உத்தரவு ஆகியிருந்தது. மாதாமாதம் ஜீவனாம்சம். அதோடு, அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகிற செலவில் பாதியை அவன் தர வேண்டும்.

அந்தச் செலவு நான்தான். ஆனால் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. புள்ளை பார்க்கக் கூலி பேசுவது எங்கள் தெருவில் அசிங்கம். சம்பளம் வந்த மறுநாள் குழந்தையின் மாற்றுத்துணிக்கு அடியில் நூற்றிருபது ரூபாயை மடித்து வைத்து ஒயர் கூடையைக் கொடுப்பாள். துணி மாற்றும்போது எடுத்துக்கொள்வேன். அவளும் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பன்காரன் குழந்தையைப் பார்க்க வந்தான். கெட்டவன் இல்லை. லாரி பட்டறையில் வேலை. குழந்தையைத் தொடும் முன் என் சோப்பைத் தேய்த்து மூன்று தடவை கை கழுவுவான். தெருக்குழாயில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் கேட்டான்.

"புள்ளைய பாத்துக்க அவ இன்னா குடுக்குறா அத்தே?"

நாலு பொம்பளைகள் குடத்தோடு நின்றிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"கூலிக்குப் புள்ள பாக்குறவ மாதிரியா கீறேன்? ஒத்த பைசா வாங்கல, போ!"

அந்த மாதத்திலிருந்து அவன் பாதிப் பணத்தை நிறுத்திவிட்டான். செலவே இல்லையே, எதுக்குப் பாதி என்று கேட்டானாம். இரண்டு மாதம் ஆனதும் அவள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாத்தே இப்டி பண்ணிட்டே? முழுசும் என்னால முடியல. வாடக வேற கீது. வேலைய வுட்டுட்டு எங்கம்மா வூட்டுக்குத்தான் போவணும்."

சும்மாவே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆசைதான். அந்தப் பணத்தில்தான் எனக்கு அரிசி. குழந்தையும் போய்விடும், அரிசியும் போய்விடும். எல்லாம் என் வாயால்.

அவள் வக்கீல் மனுப் போட்டார். நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அவனுடைய வக்கீல் கேட்டார்.

"காசே வாங்கலன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"சொன்னேன் சாமி."

"அப்ப இப்ப சொல்றது பொய்யா?"

"இப்ப சொல்றதுதான் நெசம். அன்னிக்குக் கொழாயாண்ட நாலு பேரு நின்னுகினு இருந்தாங்க. கௌரவத்துக்குச் சொன்னேன்."

சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் ஐயா சிரிக்கவில்லை. எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் அந்தத் தொகையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளைப் பார்த்தேன். கம்பெனி லீவு போட்டு வந்தவள், குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மாசம் நூத்திருபது. பாலு என்னுது, பருப்பு என்னுது. ஜொரம் வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறவளும் நான்தான். யோசிச்சுப் பாத்தா கொறச்சல்தான் சாமி."

இப்போது முதலில் சிரித்தது அப்பன்காரன்தான்.

நின்ற மூன்று மாதப் பங்கையும் கட்ட வேண்டும், இனி மாதம் தவறக் கூடாது என்று உத்தரவானது. சாட்சிப் பேப்பரில் என் பேரை எழுத்துக் கூட்டிப் போட்டேன். நேரம் பிடித்தது. கைநாட்டு வைக்கவில்லை.

வெளியே அவன் என் பக்கத்தில் வந்தான். "அன்னிக்கே உண்மைய சொல்லியிருந்தா குடுத்துனு இருப்பேனே அத்தே."

"நீ தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா."

ஒரு மாதப் பங்கை அங்கேயே அவளிடம் கொடுத்தான். மிச்சத்தை இரண்டு சம்பளத்தில் கட்டினான்.

அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி சீண்டினாள். "இன்னாக்கா, கூலி வாங்கினுதான் பாத்தியாமே?"

குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன். "ஆமாண்டி. ஜட்ஜ் முன்னாடி சொல்லிட்டே வாங்குறேன். உம்புள்ளையயும் கொண்டாந்து வுடு. அதே ரேட்டுதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த மாதம் அவளுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கொண்டுவந்து விட்டாள்.